கேள்வியும் தேவையும்: பூங்கா வருகைக் கணக்கில் ஒரு குறை

பொருளியலில் ஆங்கிலத்தார் 'டிமாண்ட்' என வழங்கும் சொல்லைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'தேவை' என்கின்றன; இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் 'கேள்வி' என்கின்றன. 'தேவையும் அளிப்பும்' என்று மதுரையில் படித்த மாணவனும், 'கேள்வியும் நிரம்பலும்' என்று யாழ்ப்பாணத்தில் படித்த மாணவனும் வரைவது ஒரே வளைகோடுதான். கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபட்டோர் இவ்வேறுபாட்டை ஒரு தொல்லையாகக் கருதி, இரண்டில் ஒன்றை நீக்கிவிட வேண்டும் என்பர். நீக்க வேண்டுவதில்லை. இவ்விரு சொற்களும் இரு வேறு பொருள்களைச் சுட்டுவன. அவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டமையால் விளைந்த பிழையொன்று, மக்கள் இளைப்பாறும் பூங்காக்களையும் காடுகளையும் மதிப்பிடும் கணக்கில் இன்றளவும் இருந்து வருகிறது. சிங்கப்பூர் போன்ற சிறு தீவில் அது கண்ணுக்கு நன்கு புலனாகிறது.

பசித்தவனுக்குச் சோறு தேவை. அவன் மடியில் காசு இருப்பினும் இல்லாதொழியினும் அத்தேவை குறைவதில்லை. கேள்வி என்பது அவ்வாறன்று. கடை முன்னர் நின்று, காசைக் காட்டி, இன்ன விலைக்கு இத்துணை வேண்டும் எனக் கேட்பதே கேள்வி. பொருளியலார் அளப்பது இப்பின்னதையே. ஆகவே இலங்கை வழக்கே கூர்மையானது என்பதில் ஐயமில்லை. கேட்பதிலும் வேறுபாடுண்டு என்பதைத் தமிழாசிரியர் அறிவர். கேட்பவன் தன்னினும் உயர்ந்தவனிடம் 'ஈ' என்றும், தன்னை ஒத்தவனிடம் 'தா' என்றும், தன்னின் தாழ்ந்தவனிடம் 'கொடு' என்றும் கேட்பான் எனத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் வரையறுக்கிறது. ஒரே பொருளை வேண்டுவோர் மூவர். அவர்தம் நிலைக்கேற்பக் குரல் மூன்று. பூங்காக் கணக்கினரோ எல்லாரும் 'கொடு' என்று உரக்கக் கேட்பதாகவே கொண்டு எண்ணத் தொடங்குகின்றனர்.

இக்கணக்கு தோன்றிய வரலாறு சுவையானது. அமெரிக்க நாட்டின் தேசியப் பூங்காத் துறை, தன் பூங்காக்களால் மக்கள் பெறும் பயனைப் பணத்தால் அளக்க இயலுமா எனப் பொருளியல் அறிஞர் சிலரைக் கேட்டது. அணைக்கட்டும் மின்னாக்கமும் தத்தம் பயனைத் தொகையாகக் காட்டிப் பணம் பெற, வாயிற் கட்டணம் மிகக் குறைவாக உள்ள பூங்கா எதைக் காட்டும் என்பதே அத்துறையின் கவலை. 1947-ஆம் ஆண்டில் ஹெரால்டு ஹோட்டெலிங் என்னும் அறிஞர் கடித வடிவில் விடை எழுதினார். பூங்காவைச் சுற்றி வட்டங்கள் வரைக. ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் எத்தனை பேர் வருகின்றனர், வந்து சேர எவ்வளவு செலவாகிறது என எண்ணுக. தொலைவிலிருந்து வருபவர் செலுத்தும் வழிச்செலவே அப்பூங்காவின் விலை போன்றது என்பது அவர் கருத்து. 1949-இல் வெளிவந்த அறிக்கையில் அக்கடிதம் இடம்பெற்றது. ஆனால் துறையினர் அதனைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1959-இல் மாரியன் கிளாசன் என்பார் யோசெமிட்டி முதலிய பூங்காக்களின் வருகைப் பதிவுகளைக் கொண்டு அம்முறையை நடைமுறைப்படுத்திக் காட்டினார். 1966-இல் கிளாசனும் நெட்ச்சும் சேர்ந்து எழுதிய நூல் அதனைக் கல்லூரிப் பாடமாக்கிற்று. வழிச்செலவு முறை எனத் தமிழில் இதனைக் கூறலாம்.

முறையைக் கரும்பலகைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஒரு மலைப்பூங்கா. வாயிற் கட்டணம் இல்லை. அருகூரில் 10,000 பேர். போய்வரும் செலவு 5 வெள்ளி. ஆண்டுக்கு 2,000 வருகை. நடுவூரில் 20,000 பேர். செலவு 10 வெள்ளி. வருகை அதே 2,000. சேய்மையூரில் 50,000 பேர், செலவு 15 வெள்ளி, வருகை இல்லை. ஆயிரம் பேருக்கு முறையே 200, 100, சுழி என வருகிறது. செலவு 5 வெள்ளி கூடுந்தோறும் ஆயிரத்துக்கு 100 வருகை குறைகிறது என்பது விளங்கும். இனி வாயிலில் 5 வெள்ளி கட்டணம் விதிப்பதாகக் கொள்வோமாயின், அருகூரார் நடுவூராரைப் போல் நடந்துகொள்வர். நடுவூரார் சேய்மையூராரைப் போல் வீட்டிலேயே இருந்துவிடுவர். வருகை 4,000-இலிருந்து 1,000 ஆகும். 10 வெள்ளி விதித்தால் ஒருவரும் வரார். இப்படிக் கிடைக்கும் கோட்டின் கீழமைந்த பரப்பைக் கணக்கிட்டால், கட்டணமின்றி மக்கள் பெறும் நலன் ஆண்டுக்கு 15,000 வெள்ளி என விடை வரும். அருகூருக்கு 10,000, நடுவூருக்கு 5,000.

கணக்கு அழகானது, ஏழாம் வகுப்பு மாணவனுக்கும் புரிவது. ஆனால் இதில் மறைந்து நிற்பவர் யாவர் எனக் காண வேண்டும். மூன்று ஊர்களிலும் மிகுந்த மக்கள் வாழ்வது சேய்மையூரில்தான். அந்த 50,000 பேரும் விடையில் இல்லை. அவர்க்கு மலைமேல் விருப்பம் இல்லை எனக் கணக்கு கூறவில்லை. ஆனால் கூறியதுபோலவே அதனைப் படிக்கின்றனர். 'இவ்வூரில் தேவை இல்லை' என்று அறிக்கையில் எழுதப்படும் தொடர், 'இவ்வூரிலிருந்து கேள்வி எழவில்லை' என்றே எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.

இம்முறையால் நன்மையே விளையவில்லை எனக் கூறுவது நேர்மையன்று. விலையில்லாப் பொருளுக்கு மதிப்பே இல்லை என்று வாதிட்ட அணைக்கட்டாளர் முன்னே, காட்டின் பக்கம் நின்று பேசுவோர்க்கு ஓர் எண்ணைக் கையில் கொடுத்தது இதுவே. எந்தப் பாதையில் எந்நாளில் கூட்டம் மிகும், எத்தனை வண்டிகள் நிறுத்த இடம் வேண்டும், எங்கே படிக்கட்டு அமைத்தல் வேண்டும் என முன்கூட்டி உணர்த்துவதிலும் வருகைக் கணக்கு பயன்படுகிறது. புக்கிட் தீமாவின் கதை இதற்குச் சான்று. 163 மீட்டர் உயரமே உடைய அக்குன்றில் ஏறியோர் கால்பட்டுப் பாதைகள் தேய்ந்தன, சரிவுகள் வலுவிழந்தன. 2014-ஆம் ஆண்டு முதல் 2016 வரை முழுமையாகவும் பகுதியாகவும் மூடி அதனைச் செப்பனிட வேண்டியதாயிற்று. எண்ணாமல் விட்டால் காடே தேய்ந்துபோம். ஆகவே குறை எண்ணுவதில் இல்லை. எண்ணியதற்கு இட்ட பெயரிலும், அப்பெயரை நம்பி எடுக்கும் முடிவிலும் உள்ளது.

சிங்கப்பூரில் 'தேசியப் பூங்கா' என்னும் தொடரே சற்று வியப்பளிப்பது. பிற நாடுகளில் அத்தொடர் யானையும் புலியும் உலவும் பெருங்காட்டைக் குறிக்கும். சிங்கப்பூர்ச் சட்டமோ அப்பெயரை இரண்டு இடங்களுக்கே வழங்குகிறது: ஒன்று தமிழர் பூமலை என வழங்கும் தாவரவியல் தோட்டம், மற்றொன்று ஃபோர்ட் கானிங் குன்று. இரண்டும் நகரின் நடுவே உள்ளவை. புக்கிட் தீமா, நடு நீர்ப்பிடிப்புக் காடு, சுங்கை பூலோ, லாப்ரடோர் ஆகியவை இயற்கைக் காப்பிடங்கள் எனத் தனியே வகுக்கப்பட்டுள்ளன. பூமலை 1859-இல் தோன்றியபொழுது சந்தா செலுத்தும் சங்கத்தாரின் தோட்டமாகவே இருந்தது. பின்னரே அரசு அதனை ஏற்றது. 2015-இல் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்ற அத்தோட்டம் இன்று, ஆர்க்கிட் தோட்டப் பகுதி நீங்கலாக, விடியற்காலை முதல் நள்ளிரவு வரை கட்டணமின்றித் திறந்திருக்கிறது.

இங்கே வழிச்செலவு முறை தடுமாறுகிறது. காரணம் எளியது: வழி இல்லை. யோசெமிட்டிக்குப் போகிறவன் நூற்றுக்கணக்கான மைல் கடக்கிறான். ஆகவே ஊருக்கு ஊர் செலவு மாறுகிறது. சிங்கப்பூரில் தீவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ரயிலில் போனாலும் மூன்று வெள்ளிக்குள் அடங்கும். லிட்டில் இந்தியா நிலையத்தில் டௌன்டவுன் வழித்தடத்து வண்டி ஏறினால் நியூட்டன், ஸ்டீவன்ஸ் அடுத்துத் தாவரவியல் தோட்டம், மூன்றாவது நிலையம். அதே வண்டியில் தொடர்ந்தால் பியூட்டி வோர்ல்டில் இறங்கிப் புக்கிட் தீமா அடிவாரம் சேரலாம். 2015-இல் இவ்வழித்தடம் திறந்தது முதல், தேக்காவுக்கும் தீவின் உயர்ந்த குன்றுக்கும் இடையே வண்டி மாறும் தொல்லைகூட இல்லை. கட்டணச் செலவில் வேறுபாடு இல்லாதபொழுது கணக்கினர் என்செய்வர்? காலத்துக்கு விலை வைப்பர்.

காலத்துக்கு வைக்கும் விலையில்தான் கணக்கின் உண்மை முகம் தெரிகிறது. போகவும் வரவும் ஆகும் நேரத்தை ஒருவருடைய மணிக்கூலியில் ஒரு பங்காக மதிப்பிடுவது வழக்கம். 1976-இல் செசாரியோ என்பார் எழுதிய கட்டுரைக்குப் பின்னர், மூன்றில் ஒரு பங்கு என்பது பலர் கையாளும் அளவாயிற்று. எடுத்துக்காட்டாக, ஒருவர் மணிக்கு 45 வெள்ளி பெறும் அலுவலர். மற்றொருவர் மணிக்கு 3 வெள்ளி பெறும் கட்டுமானத் தொழிலாளி என்க. இருவரும் இரண்டு மணி நேரம் செலவிட்டுப் பூமலைக்கு வந்து செல்கின்றனர். அலுவலர் 30 வெள்ளி ஈந்ததாகக் கணக்கு எழுதும். தொழிலாளி 2 வெள்ளி ஈந்ததாக எழுதும். முன்னவர்க்கு வாரத்தில் இரண்டு நாள் ஓய்வும் ஆண்டில் பல நாள் விடுப்பும் உண்டு. பின்னவர்க்கு ஞாயிறு ஒன்றே. அதுவும் எல்லா வாரமும் கிடைப்பதன்று. அருமையான பொழுதை ஈந்தவன் குறைவாக ஈந்தான் எனவும், எளிதாகக் கிடைத்த பொழுதை ஈந்தவன் மிகுதியாக ஈந்தான் எனவும் கூறும் ஒரு தராசைச் சந்தைக் கடைக்காரனும் வைத்திருக்க மாட்டான். கூலி குறைந்தவன் பொழுதும் மலிவு என்பது கணக்கின் முடிவன்று. கணக்குக்கு முன்னமே அதனுள் வைக்கப்பட்ட கொள்கை.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் லிட்டில் இந்தியாவைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும். சிராங்கூன் சாலையும் ரேஸ் கோர்ஸ் சாலையும் அவற்றின் குறுந்தெருக்களும் தமிழ்நாட்டிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்த தொழிலாளரால் நிரம்பியிருக்கும். அவ்விடத்துப் புல்வெளிகளில் கூட்டங்கூட்டமாக அமர்ந்திருப்பர். ஒருவன் ஊருக்குப் பேசுவான். ஒருவன் பணம் அனுப்பிய சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைப்பான். ஒருவன் செருப்பைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பான். ரேஸ் கோர்ஸ் என்னும் பெயரே அங்கிருந்த குதிரைப் பந்தயத் திடலால் வந்தது. 1842-இல் அமைந்து, 1933-இல் புக்கிட் தீமாவுக்கு மாறும்வரை ஐரோப்பியரும் செல்வரும் பொழுதுபோக்கிய நிலம் அது. அந்நிலத்தின் ஓரத்துப் புல்லில் அமர்ந்து இளைப்பாறுவோரை எந்தப் பூங்காக் கணக்கும் வருகையாளர் என எழுதுவதில்லை. அது பூங்காவன்று, வெற்றிடம். ஆயினும் பூங்கா எதற்காக உண்டோ அத்தொழில் அனைத்தும் அங்கே நடைபெறுகிறது.

மூன்றாவது நிலையத்தில் பூமலை இருக்க, இவர்கள் ஏன் அங்கே செல்வதில்லை? விருப்பம் இல்லை என்பது கணக்கினர் விடை. இவ்விடையை ஏற்குமுன், ஒரு பயணத்துக்கு ஒரு நோக்கமே உண்டு என்னும் எடுகோளை ஆராய வேண்டும். வழிச்செலவு முறையின் ஆசிரியர்களே இதனைத் தொல்லையாக ஒப்புக்கொண்டுள்ளனர். தேக்காவுக்கு வருபவன் பணம் அனுப்ப வருகிறான். அரிசியும் மிளகாய்த்தூளும் வாங்க வருகிறான். வீரமாகாளியம்மன் கோயிலில் தொழ வருகிறான். வேறு விடுதியில் தங்கியிருக்கும் அண்ணனைக் காண வருகிறான். இவை முடிந்தபின் புல்லில் அமர்கிறான். புல்லின் பங்கு எவ்வளவு, மிளகாய்த்தூளின் பங்கு எவ்வளவு எனப் பிரித்தல் இயலாது. ஆறு மணி நேரமே தனக்கென உள்ளவன் எல்லாவற்றையும் ஓரிடத்தில் முடித்துக்கொள்வது அறிவுடைமை. அதனைக் கொண்டு அவனுக்கு மரநிழல் வேண்டா என முடிவு கட்டுவது, உணவகத்தில் ஒரே தட்டில் சோறும் குழம்பும் வாங்கியவனுக்குக் குழம்பு பிடிக்காது என்பது போன்றது.

2013 டிசம்பர் 8-ஆம் நாள் நிகழ்ந்த கலவரத்துக்குப் பின்னர் லிட்டில் இந்தியாவில் மதுவிற்பனைக்குக் கட்டுப்பாடு வந்தது. தொழிலாளர்க்கெனத் தனிப் பொழுதுபோக்கு மையங்கள் பற்றிய பேச்சும் வலுத்தது. பெஞ்சுரு, சூன் லீ, குராஞ்சி முதலிய இடங்களில் அத்தகைய மையங்கள் உள்ளன. கடையும் திடலும் அவற்றில் உண்டு. நன்றே. ஆனால் அவை யாவும் விடுதிகளின் அருகே, நகரின் ஓரங்களில் இருப்பவை. ஊர்மக்கள் அனைவர்க்கும் உரிய சோலையில் ஓரமாக அமர்வதும், தமக்கென ஒதுக்கிய திடலில் அமர்வதும் ஒன்றாகா.

பின்னர் 2020-இல் நோய்க்காலம் வந்தது. தீவின் பிற மக்கள் பூங்காக்களைத் தேடிப் போயினர்; எப்பூங்காவில் எவ்வளவு கூட்டம் எனக் காட்டும் வலைத்தளத்தைத் தேசியப் பூங்காக் கழகம் அமைத்தது. விடுதித் தொழிலாளரோ வெளியே வரவே இயலாதிருந்தனர். 2021 செப்டம்பரில் தடுப்பூசி போட்ட சிலர் குறித்த இடங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அவ்விடங்களில் ஒன்று லிட்டில் இந்தியா. 2022 ஜூன் மாதம் முதல் ஞாயிறுகளிலும் பொது விடுமுறைகளிலும் சைனாடவுன், கேலாங் சிராய், ஜூரோங் ஈஸ்ட், லிட்டில் இந்தியா ஆகிய நான்கு இடங்களுக்குச் செல்ல மட்டும் அனுமதிச் சீட்டு வேண்டும் என்றாயிற்று. நாளொன்றுக்கு 80,000 சீட்டு வரை வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது. 2024-இல் அம்முறை நீக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியைக் கணக்கினர் கூர்ந்து நோக்குதல் வேண்டும். வருகைக்கு உச்ச எண்ணை ஆணை குறித்தது, விலை குறிக்கவில்லை. 2020-இல் விடுதியிலிருந்து பூங்காவுக்குச் சென்றோர் தொகையைக் கொண்டு 'தேவை வளைகோடு' வரைந்திருந்தால், கோடு சுழியில் கிடந்திருக்கும். அவ்வாண்டில் அவர்க்குப் பசுமை வேண்டியிருக்கவில்லையா? மாறாக, நான்கு சுவரும் அடுக்குக் கட்டிலுமாக இருந்த அந்நாளில்தான் அது மிகுதியும் வேண்டியிருந்தது. தேவை உச்சத்தில் நின்றபொழுது கேள்வி அடியில் நின்றது.

வீட்டுப் பணிப்பெண்கள் பற்றிய செய்தியும் இத்தகையதே. 2013-ஆம் ஆண்டு முதல், புதிதாக வேலைச்சீட்டு பெறுவோர்க்கும் புதுப்பிப்போர்க்கும் வார ஓய்வுநாள் சட்ட உரிமையாயிற்று. ஓய்வுக்கு ஈடாகக் கூலி பெற்றுக்கொள்ளவும் இடமிருந்தது. 2023-இலிருந்து மாதத்துக்கு ஒரு நாளாவது ஈடின்றி ஓய்வு தந்தே ஆக வேண்டும் என்றாயிற்று. இன்று ஞாயிறுகளில் பூமலைப் புல்வெளியில் துணி விரித்து, உணவுப் பொட்டலம் பிரித்து, ஒருவர் தலையை ஒருவர் பின்னிவிட்டு அமர்ந்திருக்கும் பெண்களைக் காணலாம். பூமலையின் கட்டணம் குறையவில்லை, முன்னரும் இலவசமே. ரயில் கட்டணமும் காரணமன்று. ஒரு பெண்ணுக்கு ஒரு நாள் கிடைத்தால் அவள் அங்கே போகிறாள், கிடைக்காவிட்டால் போகாள். எந்த வழிச்செலவு வளைகோட்டிலும் இம்மாற்றத்துக்கு இடமில்லை.

கணக்கும் வளர்ந்துள்ளது என்பர் இக்கால அறிஞர்; உண்மையே. டேனியல் மெக்ஃபேடன் 1970-களில் வகுத்த தெரிவுக் கோட்பாடு பூங்காக் கணக்கினுள்ளும் புகுந்தது. அக்கோட்பாட்டுக்காக அவர் 2000-ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றார். ஒரு பூங்காவை மட்டும் நோக்காமல், பல பூங்காக்களுள் ஒருவர் எதனைத் தெரிவு செய்கிறார், நிழலுக்கு எவ்வளவு, நீருக்கு எவ்வளவு, தொலைவுக்கு எவ்வளவு மதிப்பளிக்கிறார் எனப் பகுத்தறிவது இம்முறை.

மணிமேகலையைப் பயிற்றும் ஆசிரியர்க்கு இது புதிதாகத் தோன்றாது. மலர்வனம் புக்க காதையில், மணிமேகலை பூக்கொய்யச் செல்ல வேண்டிய நிலையில், புகார் நகரத்துச் சோலைகளைச் சுதமதி ஒவ்வொன்றாக எடுத்துக் கூறுகிறாள். இலவந்திகை, உய்யானம், சம்பாதிவனம், கவேரவனம் ஆகிய நான்கும் ஆகா. உவவனமே ஏற்றது என முடிகிறது. அவள் கூறும் காரணங்களை நோக்குக. இலவந்திகையில் மலர் இல்லை என்பதன்று. அங்கே அரசனுடைய பரிவாரத்தார் இருக்கக்கூடும் என்பதே தடை. உய்யானம் தேவர்க்குரியது, மற்ற இரண்டும் தெய்வக்காவல் உடையவை. தொலைவைப் பற்றியும் செலவைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. ஒரு பெண் போகத்தக்க இடம் எது, போகத்தகாத இடம் எது என்பதே தெரிவை முடிவு செய்கிறது. இக்காலக் கணக்கினர் மணிமேகலையை நேர்காணல் செய்திருந்தால், உவவனத்து மலருக்கு அவள் மிகுந்த மதிப்பளிக்கிறாள் என எழுதியிருப்பர். சாத்தனார் ஒரு பட்டியலில் காட்டிய உண்மையை, பல்லாயிரம் படிவங்களைத் தொகுத்தும் அவர்கள் தவறவிட்டிருப்பர். தெரிவு எவற்றினிடையே நிகழ்கிறது என்பதை வகுத்தவர் யார் என்னும் வினாவுக்குத் தெரிவுக் கோட்பாடு விடை தருவதில்லை.

கேள்வியை மட்டும் எண்ணுவதால் காட்டுக்கும் கேடு விளையும். 1992-இல் லோயர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தை ஒட்டிய காட்டில் கோல்ஃப் திடல் அமைக்கும் திட்டம் எழுந்தது. கோல்ஃப் ஆட்டமும் திறந்தவெளிப் பொழுதுபோக்கே. அதற்குக் கேள்வி உண்டு. உறுப்பினர் கட்டணமாக அது விலையிலேயே தெரியும். காட்டு வழியே நடப்பவன் கட்டணம் தருவதில்லை; ஆந்தைக்கும் தேவாங்குக்கும் பணப்பை இல்லை. இரண்டையும் ஒரே தராசில் இட்டால் எது தாழும் என்பது சொல்லாமலே விளங்கும். இயற்கைச் சங்கத்தார் அக்காட்டில் என்னென்ன உயிர்கள் உள எனத் தாமே ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டனர்; பல்லாயிரவர் கையொப்பமிட்டனர்; திட்டம் கைவிடப்பட்டது. அங்கே வென்றது வருகைத் தொகையன்று.

புலாவ் உபின் தீவின் கீழைக் கோடியில் உள்ள செக் ஜாவா இதனினும் தெளிவான சான்று. கடல்வற்றும்பொழுது வெளிப்படும் அம்மணல்திட்டுகளையும் கடற்புல்லையும் நெடுங்காலம் மிகச் சிலரே அறிந்திருந்தனர். வழிச்செலவு முறைப்படி அதன் மதிப்பு சுழிக்கு அண்மையது. அவ்விடத்தை மண்ணிட்டு நிரப்பத் திட்டம் இருந்தது. 2001-ஆம் ஆண்டில் செய்தி பரவவே, அழியுமுன் ஒருமுறை கண்டுவிடுவோம் என ஆயிரக்கணக்கானோர் படகேறிச் சென்றனர். அவ்வாண்டு இறுதியை ஒட்டி அரசு திட்டத்தைத் தள்ளிவைத்தது. 2007-இல் அங்கே நடைபாலமும் வருகையாளர் நிலையமும் திறக்கப்பட்டன. அதே மணல், அதே கடற்புல், அதே படகுக் கட்டணம். ஓராண்டில் மாறியது அறிவு மட்டுமே. போகாமலே இருப்பினும் ஓரிடம் அழியாதிருப்பதில் மக்கள் பயன் காண்பர் என்று ஜான் குருட்டில்லா 1967-இலேயே எழுதினார். அப்பயனை அளக்க, 'இதற்கு எவ்வளவு தருவீர்' என நேரே கேட்டறியும் முறையும் எழுந்தது. எக்ஸான் வால்டெஸ் கப்பல் 1989-இல் அலாஸ்காவில் எண்ணெய் கொட்டிய வழக்கில் அம்முறை பெரும் பூசலுக்கு இடமாயிற்று. 1993-இல் ஆரோ, சோலோ ஆகிய இருவர் தலைமையிலான குழு அதற்கு நெறிமுறை வகுத்தது. ஆனால் அங்கும் விடை கூறுபவன் பணப்பையைத் தடவிப் பார்த்தே கூறுகிறான்.

தேவையை அளக்க முடியாது; அளக்கக் கூடியதை அளப்பதே அறிவியல் என மறுமொழி கூறப்படலாம். ஓரளவு ஏற்கத்தக்கது. ஆயின் அளந்ததை அளந்த பெயராலேயே அழைக்க வேண்டும். வாயிலில் எண்ணியவர் தொகை வருகை; அதைக் கொண்டு வரைந்த கோடு கேள்வி. தேவை என்று ஓர் அறிக்கை எழுதுமாயின், வாயிலுக்கு வராதவரையும் அவர் வராமைக்குரிய காரணத்தையும் அவ்வறிக்கை கூறியாக வேண்டும். மேலும், வராதவர் அனைவரையும் புக்கிட் தீமாவில் ஏற்ற வேண்டும் என இதற்குப் பொருளன்று. அக்குன்று அவ்வளவு கால்களைத் தாங்காது. சுமையை எங்கே இறக்கலாம், எந்தப் புல்வெளியைப் பூங்காவாகக் கொள்ளலாம் என்பதற்கே வராதவர் கணக்கு வேண்டும்.

இவ்வேளையில் இதனை எடுத்துரைக்கக் காரணம் உண்டு. பழைய பந்தயத் திடலின் எஞ்சிய பகுதியான ஃபேரர் பார்க் திடல்களில் ஏறத்தாழ 1,600 வீடுகள் கட்டப்படும் என 2021-இல் அறிவிக்கப்பட்டது. நீச்சற்குளமும் பழைய குத்துச்சண்டைக் கூடமும் காக்கப்படும், விளையாட்டுக்கும் இடம் விடப்படும் என்றும் கூறப்பட்டது. வீடும் தேவையே, அதனை யாரும் மறுப்பதற்கில்லை. வீடு கேட்போர்க்கு விண்ணப்பப் படிவம் உண்டு, வரிசை எண் உண்டு. ஞாயிறு மாலை அவ்வட்டாரப் புல்லில் அமர்வோர்க்கு அவ்விரண்டும் இல்லை. அவரிடம் வினாப்பட்டியல் கொண்டு செல்வதாயின், தமிழிலும் வங்காளியிலும் அது அச்சிடப்பட வேண்டும். விடுதி வாயிலில், வண்டி புறப்படுமுன், கேட்கப்பட வேண்டும். முதல் வினா 'சென்ற மாதம் எந்தப் பூங்காவுக்குச் சென்றீர்' என இருத்தலாகாது. 'சென்ற மாதம் உமக்கு எத்தனை நாள் ஓய்வு கிடைத்தது' என்பதே முதலில் வர வேண்டும்.